எட்டாம் மாடிக்குப் போய்ச் சேர்ந்த மன்னிப்பு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது ஒரு காதல் கதை. தைச்சுங் நகரத்து மழை, ஒரு குடை, இரண்டு பேர். ஒன்றரைப் பக்கம் ஓடியும் விட்டது. அப்போது பார்த்து என் குளியலறைச் சாக்கடையிலிருந்து ஒரு நாற்றம் கிளம்பியது. மூக்கைப் பொத்திக்கொண்டு காதலை எழுத என்னால் ஆகாது. காதலர்களை அப்படியே போட்டுவிட்டு, கட்டட நிர்வாகத்துக்கு ஒரு குறை எழுதினேன். இந்தக் கதை அந்தக் குறையிலிருந்து வந்தது.

முதல் வாக்கியத்துக்கு நான் பட்ட பாட்டையும் மறைக்கப்போவதில்லை.

"கணினிக்கு இதயமில்லை என்று யார் சொன்னது..." [அடித்துவிட்டேன். யாரும் சொல்லவில்லை.]

"லியாவ் அன்று மத்தியானமும் தூங்கினார்." [நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லியாவ் படித்தால் வருத்தப்படுவார். அவருக்குத் தமிழ் தெரியாது என்பது உண்மை. இருந்தாலும் நான் தினமும் அவர் மேசையைத் தாண்டித்தானே வீட்டுக்குப் போகவேண்டும்.]

"அந்தக் கட்டடத்தில் மொத்தம் பதினொரு மாடி, கடைசி மாடிக்குப் பெயர் பன்னிரண்டு." [இது இருக்கட்டும். கதையே இதில்தான் இருக்கிறது.]

2

இங்கே தரைத்தளமே ஒன்றாம் மாடி. லிஃப்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று பொத்தான்கள் இருக்கும். மூன்றுக்கு அடுத்தது ஐந்து. நான்கு இந்த ஊரில் சாவுக்கான எண்; இவர்கள் பேச்சில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே ஒலி. அந்த எண்ணில் வீடு கட்டினால் யாரும் வாங்கமாட்டார்கள். கீழிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் என் வீடு நான்காவதில் இருக்கிறது. பொத்தான் ஐந்து என்கிறது. வாடகை இரண்டுக்கும் ஒன்றுதான்.

எங்கள் கட்டடத்தில் பலருக்குப் பெயர் கிடையாது, மாடிதான். வந்த புதிதிலிருந்து நான் "அஞ்சாம் மாடி". எல்லாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே ஆள் லியாவ் திங்-ஷான், கட்டட நிர்வாகி. முன்பு நகரப் பேருந்து ஓட்டியவர். பார்சல் வாங்கி வைப்பது, எரியாத விளக்கை மாற்றுவது, எந்த வீட்டில் என்ன சண்டை என்பது தெரிந்தும் தெரியாத முகத்தோடு உட்கார்ந்திருப்பது, இவையெல்லாம் அவர் வேலை. வாசல் மேசைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறைதான் அவர் வீடு. மத்தியானம் சோற்று டப்பாவைக் காலி செய்ததும் மேசையிலேயே கண்ணயர்ந்துவிடுவார்.

இந்தத் தூக்கத்தை ஒழிக்கவேண்டும் என்று கச்சை கட்டியவர் ஒன்பதாம் மாடி குவோ அம்மாள், குடியிருப்போர் குழுவின் தலைவி. லியாவை அனுப்பிவிட்டு, கழுத்துப்பட்டை கட்டிய ஆட்களை அனுப்பும் ஏதாவது ஒரு நிறுவனத்திடம் பொறுப்பைக் கொடுக்கவேண்டும் என்பது அவர் திட்டம். வருடாந்தரக் கூட்டத்தில் வாக்கெடுப்பு. லியாவ் தோற்றால் வேலை போகும், அறையும் போகும். அவர் வயதுக்கு வேறு யாரும் கூப்பிட்டு வேலை கொடுக்கப்போவதில்லை. இதை அவரும் அறிவார், குவோ அம்மாளும் அறிவார்.

(கூட்டத்துக்குச் சும்மா கூப்பிட்டால் ஒரு ஈ காக்காய் வராது. அதனால் வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பாட்டில் சமையல் எண்ணெய் தருவது வழக்கம். எங்கள் கட்டடத்தில் ஜனநாயகம் பொரித்துத்தான் பரிமாறப்படுகிறது.)

இந்த வருடம் குவோ அம்மாளுக்குப் புதிதாக ஒரு யோசனை. ஒவ்வொரு மாடியின் குறையும் இடப்பக்கம், அதற்கு லியாவின் பதில் வலப்பக்கம். அப்படியே மலராக அச்சடித்து எல்லார் தபால் பெட்டியிலும் போட்டுவிடுவது. லியாவின் லட்சணத்தை லியாவின் வாயாலேயே ஊருக்குக் காட்டலாம் என்று நினைத்தார்.

3

குறையையும் பதிலையும் ஒட்டுகிற வேலையை ஏற்றுக்கொண்டவன் பான் யி-ஹெங். ஆறாம் மாடி, அம்மாவோடு இருக்கிறான். பகலெல்லாம் நிரல் எழுதுவான், சாயங்காலம் அதைப் பற்றி லிஃப்டில் பேசுவான். கறுப்புத் திரையில் வெறும் எழுத்தாகக் கட்டளை அடித்து வேலை வாங்குவதில் அவனுக்கு அப்படியொரு கர்வம். மவுஸைத் தொடுகிறவர்களை அவன் பரிதாபமாகப் பார்ப்பான்.

குவோ அம்மாள் மாடிக்கு ஒரு கோப்பாகக் குறைகளைத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். குறை-1, குறை-2, குறை-3, குறை-5 என்று லிஃப்டில் இருப்பதுபோலவே எண். லியாவுக்குத் தட்டச்சு வராது. குறைகளின் அச்சுப்படியைக் கையில் பிடித்துக்கொண்டு மாடி வரிசையில் பதில்களைக் கைபேசியிடம் சொல்லித் தீர்த்தார். கைபேசி அதை ஒரே நீளக் கோப்பாக எழுதித் தந்தது. பான் அதைப் பதிலுக்கு ஒரு கோப்பாக ஒரே கட்டளையில் துண்டு போட்டான். கணினிக்குச் சாவு பயம் கிடையாது. பதில்-1, பதில்-2, பதில்-3, பதில்-4 என்று ஒன்றையும் விடாமல் பதினொன்று வரை எண் போட்டது.

அடுத்து, ஒட்டுவது. அதற்கென்றே 'பேஸ்ட்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. இரண்டு கோப்புகளைக் கொடுத்தால் வரிக்கு வரி பக்கத்தில் பக்கத்தில் ஒட்டித் தரும். எதை எதோடு ஒட்டுகிறோம் என்று படித்துப் பார்க்காது. பான் அடித்த ஒரே வரியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை போ. ஒவ்வொரு எண்ணிலும் குறையை இடப்பக்கம் வை, அதே எண்ணுள்ள பதிலை வலப்பக்கம் ஒட்டு. ஏதாவது முணுமுணுத்தால் பாழுங்கிணற்றில் போடு. மிச்சத்தை மலரில் சேர்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: பாழுங்கிணறு என் கற்பனை இல்லை. இந்த வகைக் கணினிகளில் அப்படி ஒரு இடம் நிஜமாகவே உண்டு. போட்டது திரும்பி வராது. கணினியின் புலம்பலைக் கேட்கப் பிடிக்காதவர்கள் புலம்பலை அங்கே திருப்பிவிடுவார்கள்.)

கணினி இரண்டு தரம் முணுமுணுத்தது. நான்கில், "குறை-4 என்று ஒன்று இல்லையே" என்றது. பன்னிரண்டில், "பதில்-12 இல்லையே" என்றது. இரண்டும் கிணற்றுக்குள் போயின. ஜோடியில் ஒன்று இல்லாவிட்டால் பேஸ்ட் மற்றதையும் தொடாது. ஆகவே எனக்கென்று லியாவ் சொன்ன பதில் காணாமல் போனது. பன்னிரண்டாம் மாடியின் குறையும் காணாமல் போனது. இடையில் ஐந்திலிருந்து பதினொன்று வரை எல்லாருக்கும் ஒரு மாடி தள்ளி...

[இங்கே நிறுத்தி இரண்டு நாள் யோசித்தேன். வாசகருக்கு இது புரியுமா? எண்களை அட்டவணையாகப் போட்டுப் பார்த்தேன்; வருமான வரிப் படிவம் மாதிரி இருந்தது. கிழித்துவிட்டேன். நீங்கள் இவ்வளவு மட்டும் நினைவில் வைத்தால் போதும்: ஐந்தாம் மாடியிலிருந்து எல்லாருக்கும், மேல்வீட்டுக்காரருக்குச் சொன்ன பதில் வந்துவிட்டது.]

பான் சரிபார்க்கவில்லையா? பார்த்தான். முதல் மூன்று மாடிகளைப் பார்த்தான். மூன்றும் கச்சிதமாக இருந்தன.

4

மலர் வந்தது. பச்சை அட்டை, நடுவில் குவோ அம்மாளின் கையெழுத்து.

என் குறை: "குளியலறைச் சாக்கடையிலிருந்து நாற்றம்." அதற்குப் பதில்: "வாரம் முழுக்க வந்துகொண்டே இருந்தால் நான் எங்கே வைப்பது? என் நாற்காலியைத்தான் வெளியே போடவேண்டும். கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்." இது பானின் பார்சல்களைப் பற்றி அவன் அம்மா எழுதிய குறைக்குச் சொன்னது என்று அப்போது எனக்குத் தெரியாது. லியாவ் என்னைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்து இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஏழாம் மாடிக்காரர் படிக்கட்டில் வைத்த பூந்தொட்டிகளை யாரோ நகர்த்துவதாக எழுதியிருந்தார். அவருக்கு வந்த பதில்: "மேலே போய்க் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. உள்ளே மாஜோங் காய்களைக் கலைக்கிற சத்தம் கேட்டது. மறுபடியும் போவேன்." பூந்தொட்டிக்கும் மாஜோங் சூதாட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் மண்டையை உடைத்துக்கொண்டார். கடைசியில், தொட்டியை நகர்த்துவது ஒரு சூதாட்டக் கும்பல்தான் என்று முடிவுக்கு வந்து, படிக்கட்டில் காவல் உட்கார ஆரம்பித்தார்.

நகைச்சுவைக்கு இவ்வளவு போதும். இனி எட்டும் ஒன்பதும்.

எட்டாம் மாடி சியென் அம்மாள் தனியாக இருப்பவர். அவரும் ஒன்பதாம் மாடி குவோ அம்மாளும் ஒரு காலத்தில் பூங்காவில் சேர்ந்து கைகால் வீசி உடற்பயிற்சி செய்தவர்கள். சனிக்கிழமைதோறும் குவோ அம்மாள் வீட்டில் மாஜோங் நடக்கும். காய் கலைக்கும் சத்தம் கீழே சியென் அம்மாளின் தலையில்தான் இறங்கும். ஒருநாள் போய்க் கேட்டார். வார்த்தை தடித்தது. அன்றிலிருந்து இருவரும் ஒரே லிஃப்டில் ஏறுவதில்லை. ஒருவர் உள்ளே இருந்தால் மற்றவர் கைபேசியை நோண்டுவதுபோல் நின்றுவிடுவார். சில வருடமாக இப்படித்தான்.

சியென் அம்மாளின் குறை: "மேல்வீட்டுச் சத்தம் பொறுக்க முடியவில்லை. கேட்டால் மதிப்பதில்லை." வலப்பக்கத்தில் இருந்தது: "உண்மைதான். தப்பு என்னுடையது. இனிமேல் நடக்காமல் பார்த்துக்கொள்கிறேன். மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம். மன்னிக்கணும்."

லியாவ் இதைச் சொன்னது குவோ அம்மாளுக்கு, தன் மத்தியானத் தூக்கத்துக்காக. ஆனால் சியென் அம்மாள் அதை எப்படிப் படிப்பார்? சத்தம் போட்டவர் கேட்ட மன்னிப்பாகப் படித்தார். குவோ நேரில் கேட்கக் கூச்சப்பட்டு இப்படி அச்சில் கேட்டிருக்கிறார் என்று நினைத்து அழுதார். அழுது முடித்து முள்ளங்கியைத் துருவி, அரிசிமாவில் கலந்து, ஒரு தட்டு நிறையக் கட்டியாக அவித்து எடுத்துக்கொண்டு மேலே ஏறினார்.

குவோ அம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் முள்ளங்கிக் கட்டி சூடாக இருந்தது. "உள்ளே வா" என்றார். அந்தச் சனிக்கிழமை மேசையில் துணி விரித்து மாஜோங் ஆடினார்கள். சியென் அம்மாளும் ஒரு கை போட்டார், ஜெயித்தார் என்றும் கேள்வி.

சரி, குவோ அம்மாளின் சொந்தக் குறைக்கு என்ன பதில் வந்தது? அவர் எழுதியிருந்தது: "நிர்வாகி பட்டப்பகலில் மேசையில் தூங்குகிறார்." பத்தாம் மாடியில் கைக்குழந்தை, வாசல் மணியில் விழித்துக்கொள்கிறது என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். அவர்களுக்குச் சொன்ன பதில் இங்கே வந்து உட்கார்ந்திருந்தது: "தூங்கட்டும், பாவம். தூங்குகிறவரை எழுப்புவது பெரிய தப்பு. இனி யாரும் மணி அடிக்கக்கூடாது என்று சொல்லிவிடுகிறேன்."

குவோ அம்மாள் மலரைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக இறங்கினார். இந்தத் திமிரைப் பாருங்கள் என்று ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் காட்டினார். நான் உட்பட எல்லாரும் தலையாட்டினோம். எல்லாருக்கும்தான் ஏடாகூடமான பதில் வந்திருந்ததே.

5

நானும் பானும் லிஃப்டில் சேர்ந்து ஏறியபோது, சாக்கடையைப் பற்றிக் கேட்டால் லியாவ் நாற்காலியை வெளியே போடுவதாகச் சொல்கிறாரே என்று புலம்பினேன்.

"அது எங்கம்மாவுக்குச் சொன்ன பதில் மாதிரி இருக்கேண்ணே," என்றான் பான். "என் பார்சலை வைக்க இடமில்லேன்னு லியாவ் அண்ணன் என்கிட்டயே இதைச் சொல்லியிருக்கார்."

பிறகு அவன் பொத்தான்களைப் பார்த்தான். விரல் வைத்து எண்ணினான். மூன்றில் நின்றது விரல், ஐந்துக்குத் தாவியது, திரும்ப மூன்றுக்கு வந்தது. மறுபடியும் எண்ணினான்.

"அண்ணே, இங்கே நாலு இல்லையா?"

அவன் அந்தக் கட்டடத்தில் பிறந்து வளர்ந்தவன். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அந்த லிஃப்டில் ஏறி இறங்குகிறான். இல்லாத ஒன்றோடு பிறந்ததிலிருந்து பழகிவிட்டால் அது இல்லை என்பதே தெரியாமல் போய்விடுகிறது. வெளியூர்க்காரன் எனக்கு முதல் நாளே கண்ணில் பட்டது அது.

அன்றே சரியாக ஒட்டி ஒரே ஒரு பிரதி எடுத்தான். இரண்டு பேரும் படித்தோம். சரியான மலரில் லியாவ் குவோ அம்மாளிடம் பணிவாக மன்னிப்புக் கேட்டிருந்தார். லியாவ் பிழைத்தார் என்று நான் மூச்சுவிடப் போகையில் பான் எட்டாம் மாடி வரியைக் காட்டினான். மன்னிப்பு ஒன்றுதான் இருக்கிறது. அதை எடுத்து ஒன்பதாம் மாடிக்குக் கொடுத்தால், எட்டாம் மாடியிலிருந்து பிடுங்கவேண்டும். பிடுங்கிய இடத்தில் மாஜோங், கதவைத் திறக்கவில்லை என்பதெல்லாம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

6

இரண்டு பேரும் லியாவிடம் போனோம். முழித்துக்கொண்டுதான் இருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"சியென் அக்கா நேத்து லிஃப்டுக்குள்ளே சிரிச்சுக்கிட்டே போனாங்கப்பா," என்றார். "அதைப் போய்க் கெடுக்காதீங்க. எனக்கென்ன, இங்கே இல்லேன்னா வேற வாசல்லே தூங்கிக்கிறேன்."

[இந்த வசனத்தை எழுதிவிட்டு எனக்கே கண் கலங்கியது. உடனே சந்தேகமும் வந்தது. லியாவை நான் தியாகியாக்குகிறேனோ? நிஜ லியாவ் இதைச் சொன்னபோது குவோ அம்மாள் வருகிறாரா என்று லிஃப்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மாஜோங் சமாச்சாரம் தலைவியின் கண்ணில் பட்டால் நாளையே பெட்டி படுக்கையோடு தெருவில் நிற்கவேண்டும் என்ற பயமும் அதில் இருந்திருக்கும். நல்ல மனசு எவ்வளவு, பயம் எவ்வளவு என்று பிரிக்க என்னிடம் கட்டளை எதுவும் இல்லை. இரண்டையும் சேர்த்தே ஒட்டிவிடுகிறேன்.]

பானுக்குத்தான் பொறுக்கவில்லை. தன்னால் ஒருவர் வேலை போகிறது என்று சோறு இறங்கவில்லை அவனுக்கு. கூட்டத்துக்கு முந்தின நாள், எனக்கும் லியாவுக்கும் சொல்லாமல், சரியான பிரதியைக் குவோ அம்மாளிடம் கொடுத்து நடந்ததைச் சொல்லிவிட்டான். அவர் நின்றபடியே முழுதும் படித்தாராம். "வேற யார் பார்த்தது?" என்று மட்டும் கேட்டாராம். பிரதியை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாராம்.

7

முடிவுக்கு வந்துவிட்டோம். என்னிடம் இரண்டு முடிவுகள் தயாராக இருந்தன.

முடிவு அ: குவோ அம்மாள் சத்தமில்லாமல் தீர்மானத்தை வாபஸ் வாங்குகிறார். யாருக்கும் ஒன்றும் தெரியாது. எல்லாரும் எண்ணெயோடு வீட்டுக்குப் போகிறார்கள். [வசதியான முடிவு. அவரும் இதைத்தான் நினைத்து வந்திருப்பார். ஆனால் நடக்கவில்லை.]

முடிவு ஆ: மின்தடை. [வெட்கமாக இருக்கிறது. அடித்துவிட்டேன்.]

நடந்தது இது. குவோ அம்மாள் ஒலிவாங்கியைப் பிடித்து, நிர்வாகி விஷயத்தை இந்த வருடம் தள்ளிவைக்கலாம் என்றதும் பன்னிரண்டாம் மாடிக்காரர் எழுந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தன் குறை மலரிலேயே இல்லை, லியாவ் வேண்டுமென்றே கிழித்துப் போட்டிருக்கிறார் என்றார். ஏழாம் மாடிக்காரர் சூதாட்டக் கும்பலைப் பற்றிக் கேட்டார். தூங்கட்டும் பாவம் என்று தலைவிக்கே பதில் எழுதியவரை விடக்கூடாது என்று பின்னாலிருந்து குரல்கள். அந்தக் கோபத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர் குவோ அம்மாள்தான். இப்போது நிறுத்தச் சொன்னால் நிற்குமா? கையைத் தூக்கச் சொல்லுங்கள், இப்போதே வாக்கெடுப்போம் என்றார் தலைமையாசிரியர்.

லியாவ் எண்ணெய் அட்டைப்பெட்டிகளுக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றார். முதல் வரிசையில் சியென் அம்மாள், மடியில் மூடி போட்ட பாத்திரம். இடைவேளையில் குவோவுக்குக் கொடுக்கக் கொண்டுவந்தது. பான் எழுந்திருக்கப் போனான். குவோ அம்மாள் கையைக் காட்டி அவனை உட்காரவைத்தார்.

கைப்பையிலிருந்து பிரதியை எடுத்தார். ஒட்டும்போது ஒரு மாடி தள்ளிப்போய்விட்டது, லியாவ் யாரையும் கிண்டல் செய்யவில்லை, தூங்கட்டும் என்றது பத்தாம் மாடிக் குழந்தையை, தலைமையாசிரியரின் குறையையும் யாரும் கிழிக்கவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். குழந்தையின் அப்பா சிரித்தார். தலைமையாசிரியர் உட்கார்ந்தார். லியாவின் தோள் கொஞ்சம் நிமிர்ந்தது. அவர் வேலை பிழைத்தது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

அத்தோடு குவோ அம்மாள் நிறுத்தியிருக்கலாம். ஒலிவாங்கியைக் கீழே வைத்தார். மேடையிலிருந்து இறங்கி முதல் வரிசைக்கு வந்தார்.

"சியென், உனக்கு வந்த மன்னிப்பு என்னுது இல்லை," என்றார். "அது லியாவ் என்கிட்டே கேட்டது. நீ கட்டி அவிச்சுக்கிட்டு வந்தப்பவே ஏதோ தப்பு நடந்திருக்குன்னு எனக்குத் தோணுச்சு. நான் அப்படி எதுவும் எழுதலையேன்னு சொல்லியிருக்கணும். சொல்லலை. கட்டியைத் தின்னுட்டுப் பேசாம இருந்துட்டேன். ராத்திரியெல்லாம் சத்தம் போட்டது நான்தான். லியாவ் வந்து தட்டினப்போ கதவைத் திறக்காம உட்கார்ந்திருந்ததும் நான்தான்."

சியென் அம்மாள் பாத்திரத்தின் மூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். குவோ அம்மாள் இன்னும் ஒரு வாக்கியம் சொன்னார். சியென் அம்மாள் அதற்குப் பதில் சொன்னார்.

நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது. ஆனால் அந்தப் பதிலை இங்கே எழுதப்போவதில்லை. ஒன்பது தரம் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் அது நான் யாரிடமோ கேட்க ஆசைப்பட்ட பதிலாகவே வந்து விழுந்தது. இடப்பக்கத்துக் கோப்பு மட்டும்தான் என்னிடம் இருக்கிறது. வலப்பக்கத்தை நீங்கள் ஒட்டுங்கள். ஒட்டுவதற்கு முன், அது யாருக்குச் சொல்லவேண்டிய பதில் என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

குவோ: இப்போ நானே கேக்கிறேன், மன்னிச்சுக்கோ.

சியென்: